துரைக்கு இன்னும் தயாராகாத தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் தண்ணீரைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று பத்து வயதில் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. எண்ணம் என்று அடக்கமாகச் சொல்கிறேன். உண்மையில் அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அப்பா ஏர்கோன் பழுதுபார்ப்பவர், நாளெல்லாம் பைப்போடும் வாளியோடும் புழங்குகிறவர். அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டையே கழுவி விடுகிறவர். இருந்தாலும் மீன்தொட்டித் தண்ணீர் என்று வந்துவிட்டால் இருவரும் என்னிடம்தான் கேட்டாக வேண்டும். அந்த மரியாதையை எனக்கு வாங்கித் தந்தவர் துரை.

துரை என்றால் தோட்டத்து மேனேஜர் இல்லை. சுங்காய்க்கு உள்ளே, பழைய கித்தாத் தோட்டத்து லயத்தில், ரப்பர்த் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்த என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வளர்த்த மீன். உடம்பெல்லாம் சிவப்பு, கோழிமுட்டையைப் பதித்து வைத்ததுபோல் புடைத்த நெற்றி, எப்போதும் கடுகடுத்த மூஞ்சி. கடையில் ஃபிளவர்ஹார்ன் என்பார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமா அதை விரல் நீளக் குஞ்சாகப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தாராம். கண்ணாடிப் பக்கம் யார் போனாலும் முறைத்து முட்ட வருவதைப் பார்த்து, "நம்ம பழைய தொரை மாதிரியே இருக்காருலா" என்று மாமா சொல்ல, அதுவே பெயராகிவிட்டது. துரையை யாராவது அது இது என்று சொல்வார்களா? எங்கள் வீட்டில் மீனுக்கும் மரியாதைதான். துரை சாப்பிட்டார், துரை கோபமாக இருக்கிறார், துரை இன்றைக்கு யாரையும் பார்க்க மாட்டார். மாமா இறந்த பிறகு அத்தையோடு அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

தோட்டம் கைமாறி, கித்தா மரங்களை எடுத்துவிட்டுச் செம்பனை போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. லயத்தில் இரண்டு மூன்று வீடுகளில்தான் விளக்கு எரிந்தது. ஆண்டுக் கடைசியில் லயத்தை இடிக்கப் போகிறார்கள், அதற்கு முன்பே கரண்டை வெட்டிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதே சமயத்தில்தான் நாங்கள் ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடிபோனோம். பின்னறை அத்தைக்கு என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். கட்டில்கூட வாங்கிப் போட்டாயிற்று.

அத்தை வரமாட்டேன் என்றார்.

"தம்பி வீட்டு மூலையில கொண்டாந்து போட நான் என்ன ஓட்டை நாற்காலியா? கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. என்னை நான் பார்த்துக்கிறேன், நீ போ."

அப்பா கெஞ்சினார். அம்மா கெஞ்சினார். கோயில் ஃபாதரைக்கூட ஒருமுறை கூட்டிப்போய்ப் பேசவைத்தார்கள். அத்தை ஃபாதருக்குக் கோழிக்கறி சமைத்துப் போட்டு, ஜெபம் பண்ணிக்கொண்டு, சிரித்த முகமாக அனுப்பிவைத்தார். கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில்தான் இறங்கிவந்தார். கரண்டை வெட்டினால் தொட்டியில் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் துரை எத்தனை நாள் தாங்குவார்?

"சரி, தொரையை மட்டும் கூட்டிக்கிட்டுப் போங்க. பாவம், வாயில்லா ஜீவன்."

அந்த வாயில்லா ஜீவன் என் விரலை இரண்டு தடவை கடித்திருக்கிறது. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை வராவிட்டால் போகட்டும், துரை வருகிறாரே! அவர் உயிரோடு வந்து சேர வேண்டும், வந்த இடத்தில் உயிரோடு இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில். யாரும் தூக்கி வைக்கவில்லை, நானாகவே எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்பா வேலைக்குப் போன ஒரு வீட்டில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றைச் சும்மாவே கொடுத்திருந்தார்கள். அதை ஹாலில் வைத்து, புது ஃபில்டர் மாட்டி, தண்ணீர் நிரப்பி, குளோரினுக்கு மருந்து ஊற்றி விளக்கைப் போட்டதும் வீடே பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தச் சனிக்கிழமையே துரையைக் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்றார் அப்பா. நான் அவரை மீன்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடை முதலாளி தவுக்கே எங்கள் தொட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கையை ஆட்டினார்.

"ஆயர் பெலும் துவாலா!"

தண்ணீருக்கு இன்னும் வயசாகவில்லையாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அப்பாவுக்கு அதை விளக்கினேன். மீன் போடும் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். பழைய தொட்டியில் ஃபில்டர் பஞ்சு முழுக்கப் பாக்டீரியா குடியிருந்து அந்த விஷத்தைத் தின்று வேறொரு விஷமாக்கும். இன்னொரு வகைப் பாக்டீரியா அதையும் தின்று ஒன்றுமில்லாமல் செய்துவிடும். புதுப் பஞ்சில் ஒரு பூச்சியும் கிடையாது. அதில் போய்த் துரையை விட்டால் தன் மூத்திரத்திலேயே செத்துப்போவார். "மூத்திரம்" என்று நான் சத்தமாகச் சொன்னதற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆகையால் விஷயம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நல்ல வழி ஒன்று இருந்தது. துரையின் பழைய பஞ்சில் பாதியை வெட்டிக் கொண்டுவந்து புது ஃபில்டரில் வைத்தால், பாக்டீரியா சீக்கிரம் பரவிவிடும். அப்பா அத்தைக்குப் போன் போட்டு, பாதிப் பஞ்சு வேண்டும் என்று சொன்னார். ஏன் என்று சொல்ல விட்டுப்போயிற்று.

சனிக்கிழமை போனபோது பஞ்சு தயாராக இருந்தது. ஈ மொய்க்காமல் பேப்பரில் சுற்றி, முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில். பிரித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. துணிச் சோப்பு வாசனை மூக்கில் ஏறியது. அத்தை அதைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசி, கொடியில் போட்டு வெயிலில் காயவைத்திருந்தார்.

"ஐயோ மாதாவே! அத்தை, என்ன செஞ்சீங்க?"

"ஏன் பாப்பா? புது வீட்டுக்குப் போற சாமான். அந்த அழுக்கோட அனுப்பினா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் தோளை அழுத்திவிட்டு, "பஞ்சு ரொம்ப நல்லாருக்குக்கா" என்றார். கோடிக்கணக்கான உயிர்கள் கொடியில் காய்ந்து செத்துக்கிடக்கின்றன, நல்லாருக்காம்! அந்தப் பஞ்சை அம்மா சட்டி கழுவ வைத்துக்கொண்டார். நன்றாகத்தான் உழைத்தது.

மிச்சம் இருந்த பாதியை யாரும் தொடவே கூடாது என்று அத்தைக்குக் கட்டளை போட்டேன். அதிலும் கை வைத்தால் துரை இங்கேயே போய்விடுவார் என்றதும் அத்தை பயந்துவிட்டார். பிறகு அம்மோனியா என்றேன். அவர் முகம் மாறியது.

"அம்மோனியாவா? கித்தாப் பாலு கட்டியாவாம இருக்க ஊத்துவாங்களே, அதா? கண்ணெல்லாம் எரியுமே. அதை யாரு தொட்டியில ஊத்துனா?"

"துரைதான் அத்தை."

"தொரையா ஊத்துனாரு?" என்று கேட்டுவிட்டு அத்தை சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. தோட்டத்தில் வேலை செய்த காலமெல்லாம் துரை ஒரு வாளியைக் கையில் தொட்டு அவர் பார்த்ததில்லையாம். நான் விடாமல், பாக்டீரியா முதலில் குடிவந்து எல்லாவற்றையும் தயார்செய்ய வேண்டும், அதற்கப்புறம்தான் துரை வரலாம் என்று பாடம் நடத்தினேன்.

"கூலிக்காரங்க முதல்ல போய்க் காட்டைச் சுத்தம் பண்ணணும், பொறவு தொரை பங்களாவுக்கு வருவாரு. அதானே? எல்லா ஊர்லயும் அதே கதைதான்லா."

பாடம் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஆக, ஒன்றுமில்லாமலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வெறுந்தொட்டியில் ஓர் இறாலைப் போட்டு அழுகவிட்டேன். அதிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னப் பாக்டீரியா தானாக வந்து சேரும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நடமாடினார். "குழம்புக்கு வாங்கினதை ஹால்ல அழுகப் போட்டுட்டு, வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தப்போ தெளிச்ச தீர்த்தமெல்லாம் வீணாப் போச்சு" என்று புலம்பினார். தவுக்கே கடையில் வாங்கிய சோதனைப் பெட்டி என் கையில் இருந்தது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும். பச்சை என்றால் அம்மோனியா இருக்கிறது. மஞ்சள் என்றால் இல்லை. நான் பள்ளிவிட்டு வந்ததும் சீருடையோடு நின்று சோதிப்பேன். பச்சை, கரும்பச்சை, மறுபடி பச்சை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சுங்காய்க்குப் போனார். துரையைப் பார்த்துவிட்டு வரத்தான். அப்பா துரையைப் பார்த்தது ஒரு நிமிஷம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் அத்தையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். "தண்ணி இன்னும் ஆகலக்கா" என்பார். "ஆகட்டும், என்ன அவசரம்" என்பார் அத்தை. அவ்வளவுதான் பேச்சு. பின்னறையைப் பற்றி அப்பா மறந்தும் எடுப்பதில்லை. கெஞ்சுவதை அவர் விட்டுவிட்டதால் எனக்கும் நிம்மதியாக இருந்தது.

கேள்வியெல்லாம் அத்தை என்னிடம் கேட்டார். அப்பா வெளியே போய்க் கார் டயரை உதைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்பார்.

"பாப்பா, அந்த வீட்டுச் சமையக்கட்டுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?"

"கோயிலுக்கு நடந்து போலாமா, கார் வேணுமா?"

"பசார்ல கருவாடு நல்லா கிடைக்குதா?"

நான் வீட்டுத் தரகர் மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "அங்க எல்லாமே இருக்குலா அத்தை." ஒருமுறை, பின்னறையில் இப்போது யார் படுக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை, கட்டில் மேல் அப்பாவின் பைப்பும் வாளியும் கிடக்கின்றன என்று உள்ளதைச் சொன்னேன். அதைக் காரில் வரும்போது பேச்சுவாக்கில் அப்பாவிடமும் சொன்னேன். மறுநாள் கோயில் முடிந்து வந்ததும் வராததுமாக அப்பா அந்த அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார். தொட்டி வேலையில் எனக்கு ஒத்தாசை செய்ய மட்டும் அவருக்கு நேரமில்லை.

ஒருநாள் சாயந்திரம் குழாயில் நிறம் மஞ்சளாக வந்தது. அந்த இரண்டாவது விஷமான நைட்ரைட்டுக்கான சோதனையும் சுத்தம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா எட்டிப் பார்த்தார். அப்பா குழாயை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. அடுத்த வாரம் சோதித்தால் மறுபடி இளம்பச்சை! எப்படி ஏறும்? மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். டியூஷன் இல்லாமல் சீக்கிரம் வந்த ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். அப்பா தொட்டிக்கு மேலே குனிந்துகொண்டிருந்தார். தண்ணீருக்குள் புத்தம்புது இறால் ஒன்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா செய்றீங்க?"

"ஒண்ணுமில்லலா. சும்மா பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"இறாலைப் போட்டா அம்மோனியா ஏறும்ப்பா! எத்தனை தடவை சொல்றது?"

முதலிலிருந்து மறுபடி விளக்கினேன். கழிவு, விஷம், பாக்டீரியா, எல்லாம். அப்பா கைகட்டி நின்று தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த வாரமும் போட்டார். அம்மாவும் இறால் குறைவதைக் கண்டுகொள்ளாமல் கூடுதலாக வாங்கி வந்தார். இப்படி இரண்டு மக்குகளுக்குப் பிள்ளையாகப் பிறந்தோமே என்று எனக்கு அழுகையே வந்தது. மீனில்லாத தொட்டியில் இடையிடையே ஏதாவது போட்டுக்கொண்டே இருந்தால்தான் பாக்டீரியா பட்டினி கிடந்து சாகாமல் இருக்கும் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்கு ஏதோ கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை. அப்பா வழக்கம்போல வாயைத் திறக்குமுன் அத்தையே கேட்டார்.

"அந்தத் தண்ணி என்னதான் தம்பி ஆச்சு? இன்னுமா ஆகல?"

அப்பா டீயை அவசரமாக விழுங்கினார். "ஆயிடுச்சுக்கா. அடுத்த வாரம் எடுத்துடலாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா கோயில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஞ்சளாக இருந்தபோதெல்லாம் ஆகவில்லை என்றவர், அன்று காலையில் நான் பச்சை என்று சொல்லியும் ஆயிற்று என்கிறார். நல்லவேளை, அதன்பிறகு இறால் விழவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நிறம் மஞ்சளுக்கு வந்துவிட்டது.

துரையைக் கூட்டிவர அம்மாவும் வந்தார். துரை லேசில் சிக்கவில்லை. வலையை இரண்டு தடவை கிழித்து, அப்பாவின் சட்டையை நனைத்து, கடைசியில் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் காற்றோடும் கோபத்தோடும் அடைபட்டார். பையைப் பெட்டிக்குள் வைத்தோம். பாதிப் பஞ்சு, கழுவாமல், அதன் அழுக்கெல்லாம் அப்படியே, பழைய தண்ணீரோடு ஒரு வாளியில். அது காயாமல் ஈப்போவுக்குப் போய்ச் சேர்ந்தால் துரைக்குக் கூடுதல் பலம்.

அப்பா வாளியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"அக்கா, இந்த வாளி சாஞ்சா எல்லாம் போச்சு. யாராவது மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டு வரணும். நீ கொஞ்சம் வாயேன். தொரை இறங்கினதும் உன்னைக் கொண்டாந்து விட்டுடுறேன்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "அந்த வாளிக்குத்தான் இறுக்கமா மூடி இருக்கேப்பா! கீழ வச்சாக்கூடச் சாயாது. நானும் அம்மாவும் வேற இருக்கோம்."

அம்மா என் தொடையில் நன்றாகக் கிள்ளினார். அப்பா கார் டயரை உதைக்கப் போய்விட்டார். அத்தை வாளியின் மூடியை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

"மூடி இருந்தா என்ன," என்றார் அத்தை. "பிடிக்க ஒரு ஆளு வேணும்ல."

உள்ளே போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பை. அதில் மாமாவின் படமும், மடித்த சேலைகளும், மேலே பிதுங்கிக்கொண்டு ஒரு குக்கரும் இருந்தன. சாயந்திரம் திரும்பி வருகிறவருக்கு எதற்குக் குக்கர் என்று கேட்டேன். இன்னொரு தொடையிலும் கிள்ளு விழுந்தது. அத்தை கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். வழியில் கோப்பெங்கில் டீ குடிக்க நிறுத்தியபோதும் மடியிலிருந்து வாளியை இறக்கவில்லை. ஒரு கையால் வாளியை அணைத்துக்கொண்டு மறு கையால் குடித்தார்.

துரை புதுத் தொட்டியில் இறங்கி, ஒரு மூலையில் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு முழுத் தொட்டியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, என்னைப் பார்த்துக் கண்ணாடியை முட்டினார். நான் துள்ளிக் குதித்தேன். பிழைத்துக்கொண்டார்! பொழுது சாய்ந்ததும் அப்பா கார்ச் சாவியை எடுத்து, எடுத்த வேகத்திலேயே மேசையில் வைத்துவிட்டு, "கிளம்பலாமாக்கா?" என்று கேட்டார். அத்தை தொட்டியைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"தொரைக்கு எடம் இன்னும் பழகல தம்பி. ஒரு வாரம் போகட்டும்லா."

அந்த வாரம் முழுக்க நான் நாள் தவறாமல் சோதித்தேன். அத்தை சமையற்கட்டு ஜன்னல் பக்கம் நின்று கருவாட்டுக் குழம்பு வைத்தார், பின்னறையில் படுத்தார், அம்மாவோடு கோயிலுக்கு நடந்து போனார். சனிக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல மஞ்சளைப் பார்த்ததில்லை.

"அத்தை! அம்மோனியா சுத்தமா இல்ல! துரை நல்லாப் பழகிட்டாரு. இனிமே நீங்க தாராளமா வீட்டுக்குப் போலாம்!"

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா எட்டிக் கிள்ள முடியாத தூரத்தில் இருந்தார். அத்தை மட்டும் பதறாமல் என் கையிலிருந்து குழாயை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு என்னமோ இன்னும் பச்சையாத்தான் தெரியுது பாப்பா."

"இது மஞ்சள் அத்தை! பெட்டியில இருக்கிற கலர் அட்டையோட வச்சுப் பாருங்க!"

"இல்லையே. பச்சைதான்."

"ஆமாக்கா, பச்சைதான்," என்றார் அப்பா. அவர் குழாயைப் பார்க்கக்கூட இல்லை.

நான் ஓடிப்போய் அத்தையின் கண்ணாடியை எடுத்துவந்து கொடுத்தேன். போட்டுக்கொண்டு பார்த்தும் அவருக்குப் பச்சையாகத்தான் தெரிந்தது. அன்றைய குடும்ப ஜெபத்தில் அவரவர் வேண்டுதலைச் சொல்லும்போது, அத்தையின் கண்ணைச் சீக்கிரம் சரியாக்கும் ஆண்டவரே என்று நான் சத்தமாக மன்றாடினேன். எல்லாரையும்விட அத்தைதான் பலமாக ஆமென் சொன்னார்.